அக்யூஸ்டுக்குச் சத்தியம் கிடையாது

"ஜட்ஜுக்கு மூணு வருசம் ஆவும். எனக்கு மூணு கூப்பாடு போதும். பேரக் கூப்புட்டா அவன் வர்ற வரத்தப் பாத்தே சொல்லிடுவேன், செஞ்சானா இல்லியான்னு."

திண்டிவனத்தில், நீதிமன்றத்துக்கு எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு விருத்தாசலம் இப்படி அறிவித்த காலத்தில், அவர் அரசுப் பணியில் இருந்தார். டவாலி. நீதிபதி வரும்போது முன்னால் நடந்து வழி விலக்குவது, வழக்கு எடுக்கப்படும்போது வாசலில் நின்று சம்பந்தப்பட்டவர் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது, கூண்டேறிய சாட்சிக்கு 'சொல்வதெல்லாம் உண்மை' என்று சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுப்பது, இவை அவர் பொறுப்பு. தீர்ப்பு எழுதுவது மட்டும் அவருடைய வேலையில் இல்லை. அந்தக் குறையை அவர் டீக்கடையில் நிவர்த்தி செய்துகொண்டார்.

அவருடைய குரல் சாதாரணக் குரல் இல்லை. உள்ளே அவர் கூப்பிட்டால், வெளியே வண்டியில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டிருப்பவனும் நம்மைத்தானோ என்று ஒரு கணம் திரும்பிப் பார்ப்பான். அப்படித் திரும்பிப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு இன்னும் மாட்டாதவர்கள் என்பது விருத்தாசலத்தின் துணைக் கண்டுபிடிப்பு.

மூலக் கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. முதல் கூப்பாட்டுக்கே ஓடிவருபவன் கோர்ட் படி ஏறிப் பழகியவன், ஆகவே செய்தவன். மூன்றாவது வரைக்கும் வராதவன் பயந்தவன், ஆகவே அவனும் செய்தவன். இரண்டாவதற்கு வருபவன் இருக்கிறானே, அவன் யோசித்து வருகிறான், அவன்தான் கைகாரன். அப்படியானால் நிரபராதி எந்தக் கூப்பாட்டுக்கு வருவான் என்று ஒரு ஜூனியர் வக்கீல் கேட்டார். நிரபராதி கோர்ட்டுக்கு எதுக்கு சார் வர்றான் என்று விருத்தாசலம் திருப்பிக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை, மேல்முறையீட்டிலும் உறுதி செய்யப்பட்ட தீர்ப்பாக அவர் வைத்துக்கொண்டார்.

அவர் கணிப்பு ஒரு முறையும் பிசகியதில்லை. தண்டனை விழுந்தால், நான் சொல்லல? விடுதலை ஆனால், சாட்சி பல்டி அடிச்சிட்டான். இந்த ஏற்பாட்டில் பிசகுவதற்கு இடமே கிடையாது.

சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது உண்மைதான். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதி என்றே கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டுகிறவர் தலையில், சந்தேகம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. இதை விருத்தாசலம் தினமும் காதில் வாங்கினார், கோயில் புறா மணியோசையைக் காதில் வாங்குகிற மாதிரி.

ஓய்வு பெற்ற வருடமே மனைவி அஞ்சம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் சித்ரா விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். விருத்தாசலம் மயிலம் ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக மனை பிரித்த செந்தாமரை நகரில், ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு இரும்பு கேட் கொண்ட வீட்டைக் கட்டிக் குடிவந்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதல் அரசு வேலை அவருடையது, முதல் காங்கிரீட் கூரையும் அவருடையது. மல்லாட்டையும் நெல்லும் விளைந்த பூமியை விற்றுவிட்டு வந்த நிலக்காரர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், கடைக்காரர்களும் சேர்ந்து வாழும் நகர் அது. எங்கள் நகரில் சாதி பார்ப்பதில்லை என்று யார் எந்தச் சாதி என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

அந்தப் பெருமைக்கு ஆதாரம் தேவைப்பட்டபோதுதான், நகர் நலச்சங்கத் தலைவரும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருமான சக்கரபாணி, நகர்ப் பிள்ளையார் கோயிலின் இரண்டு சாவிகளில் ஒன்றை விருத்தாசலத்திடம் கொடுத்தார். கோர்ட்டில் இருந்த மனுசன், கை சுத்தம் என்று காரணமும் சொன்னார். விருத்தாசலம் தினமும் விடியலில் கோயிலைத் திறந்து விளக்கேற்றினார். மாலையில் புங்கமரத்தடி சிமெண்டு பெஞ்சில் சக்கரபாணி கோஷ்டியோடு உட்கார்ந்து, நகரில் யார் யார் என்னென்ன செய்திருக்கக் கூடும் என்று மூஞ்சியை வைத்தே தீர்ப்புச் சொன்னார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு இரண்டு மணி நேரப் பேச்சு என்பது சாப்பாட்டுக்குச் சமம். அதில் அவர் வஞ்சனை வைக்கவில்லை.

ஒரு சங்கடஹர சதுர்த்திக்கு மறுநாள் காலையில் பிள்ளையாரின் வெள்ளிக் கவசத்தைக் காணவில்லை. பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டு. ஒரு சாவி சக்கரபாணியிடம் இருந்தது, அது தலைமையாசிரியராக இருந்தவரின் சாவி. இன்னொன்று விருத்தாசலத்திடம் இருந்தது, அது நகரார் பெருந்தன்மையோடு கொடுத்த சாவி. சந்தேகம் தண்ணீர் மாதிரி. பள்ளம் எந்தப் பக்கம் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போலீசுக்குப் போகும் முன் நம் வழக்கப்படி ஒன்று செய்துவிடலாம் என்றார் சக்கரபாணி. தட்டில் கற்பூரம் கொளுத்தி வைக்க வேண்டியது. நகரில் ஒவ்வொருவராக வந்து பிள்ளையார் முன்னால், நான் எடுக்கவில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டியது. எடுத்தவன் அணைத்தால் குடும்பம் விளங்காது. செலவில்லாத விசாரணை, வாய்தா இல்லாத வழக்கு. எல்லோரும் சம்மதித்து மாலையில் கோயில் முன்னால் கூடினார்கள். கற்பூரம் எரிந்தது. சக்கரபாணி கூட்டத்தின்மேல் ஒரு சுற்றுக் கண்ணை ஓட்டிவிட்டு, "விருத்தாசலம், மொதல்ல நீ வாய்யா" என்றார்.

அணைப்பதற்கென்றுதான் அவரும் வந்திருந்தார். கையைக்கூடத் துண்டில் துடைத்து வைத்திருந்தார். அந்த 'மொதல்ல நீ'தான் எங்கோ போய்க் குத்தியது. அதுவுமல்லாமல், முப்பது வருடத்துக்கு மேல் ஊராருக்கெல்லாம் சத்தியம் செய்துவைத்தவர் அவர். அவருக்கு யாரும் செய்துவைத்ததில்லை. தட்டின் முன்னால் போய் நின்றவருக்குள், புறா காதில் விழுந்த மணியோசை அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பியது. கோர்ட் வாசலில் கூப்பிடுகிற அதே குரலில் அவர் சொன்னார்:

"குத்தஞ் சொல்றவங்கதான் சார் நிரூபிக்கணும். சத்தியம்லாம் சாட்சிக்குத்தான். அக்யூஸ்டுக்குச் சத்தியம் கிடையாது."

சட்டப்படி இது அப்பழுக்கில்லாத வாதம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்வி கேட்கும்போது அவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைப்பதில்லை. சின்ன இடைஞ்சல் என்னவென்றால், அதுவரைக்கும் அங்கே யாரும் யாரையும் அக்யூஸ்டு என்று சொல்லியிருக்கவில்லை.

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு பெண் குரல் கேட்டது. "இன்னாடி இது, அவரே அக்யூஸ்டுன்னு ஒத்துக்கினாரு?"

கற்பூரம் யார் கையும் படாமல் எரிந்து முடிந்தது. மற்றவர்கள் அணைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்திருந்தது, பரீட்சையை ரத்து செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மாணவர்கள் முகத்தில் வருமே, அந்தத் தெளிவு.

புகார் எழுதப்பட்டது. போலீசார் கவசத்தைத் தேடி விருத்தாசலத்தின் வீட்டைப் புரட்டினார்கள். அஞ்சம்மாளின் பழைய புடவைகளும் ஒரு உடைந்த மிக்சியும் கிடைத்தன. கவசம் கிடைக்கவில்லை. எங்கோ விற்றுவிட்டான், கில்லாடி என்று நகர் முடிவு செய்தது. கிடைத்திருந்தால் திருடன், கிடைக்காததால் கைதேர்ந்த திருடன். விருத்தாசலத்தின் மூன்று கூப்பாட்டுக் கோட்பாட்டை நகர் நன்றாகவே கற்றுவைத்திருந்தது. சில நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டு, மறு உத்தரவு வரும்வரை விழுப்புரத்தில் தங்கித் தினமும் காலையில் அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீனில் வந்தார்.

விழுப்புரம் என்றால் மகள் வீடுதானே. சித்ரா வாசலுக்கு ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டாள், அழுதாள், இளைத்துவிட்டாரே என்றாள். மாப்பிள்ளை ராஜ்குமார், யோசிக்காம இருங்க மாமா என்று டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. குளித்துவிட்டு வந்தவர் படுக்கையறையைக் கடந்து போகும்போது, சித்ரா பீரோவில் தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொள்வது தெரிந்தது. அது அவளுக்கு எப்போதும் உள்ள பழக்கமாக இருக்கலாம். பேத்தி சாவியை எடுத்து விளையாடுகிறாளோ என்னவோ. விருத்தாசலம் அந்த இடத்திலேயே நின்று ஆராய்ந்து, சந்தேகத்தின் பலனை மகளுக்கு அளித்தார்.

அளித்தார் என்றாலும், மறுநாளிலிருந்து காலையில் கையெழுத்துப் போட்ட கையோடு வீட்டுக்குத் திரும்பாமல் ரயில் நிலையத்துக்குப் போகத் தொடங்கினார். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு கல் பெஞ்சில் உட்காருவார். விழுப்புரம் ஜங்ஷனில் உட்காருவதற்குக் காரணம் கேட்பவர் கிடையாது. ஊரே வண்டி மாறுவதற்காக ஏற்பட்டது. பக்கத்தில் வந்து உட்காருபவர்கள் எங்கே போறீங்க என்று கேட்பார்கள். திண்டிவனம் என்பார். அந்த வண்டி இப்போதுதானே போச்சு என்பார்கள். அடுத்ததுல போறேன் என்பார். பேச்சு அதற்கு மேல் வளர்வதற்குள் அவர்களுடைய வண்டி வந்துவிடும். ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் வண்டிகளின் பெயரைக் கூப்பிட்டது. சில வண்டிகள் கூப்பிட்டதும் வந்தன, சில தாமதித்தன, ஒன்றிரண்டு வரவே இல்லை. விருத்தாசலம் எந்த வண்டியைப் பற்றியும் எதையும் ஊகிக்கவில்லை. சாயங்காலம், பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போவார். சாப்பிடுவார். நல்லா இருக்கும்மா என்பார்.

நிபந்தனை தளர்ந்து திண்டிவனம் திரும்பியபோது, சித்ரா பஸ் ஏற்றிவிட வந்தாள். கேசு முடிஞ்சதும் வர்றோம்பா என்றாள். அந்த 'முடிஞ்சதும்' என்ற சொல்லையும் அவர் ஆராய்ந்தார். பலனளித்தார்.

இலவசச் சட்ட உதவியில் அவருக்கு வாய்த்த வக்கீல் கலைப்பிரியா. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி மகள். காலையில் இரண்டு பஸ் மாறி வந்து, கறுப்புக் கோட்டைப் பையிலிருந்து எடுத்து உதறி மாட்டிக்கொள்வாள். சட்டத்தில் அவளுக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்தால் புதுத் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும். நிரபராதி என்று ஊகிக்கப்படும் உரிமை உங்களுக்கு உண்டுங்க ஐயா, அது நம் நாட்டுச் சட்டம் மட்டுமில்லை, உலகச் சட்டம் என்று விளக்கினாள். ஐக்கிய நாடுகள் சபை 1948-இல் பாரிசில் கூடி மனித உரிமைப் பிரகடனத்தில் பதினொன்றாம் பிரிவாக அதை வைத்தது. பிறகு பன்னாட்டு உடன்படிக்கையில் பதினான்காம் பிரிவாக வந்தது. நம் தேசம் அதில் சேர்ந்து பல்லாண்டு ஆகிறது.

விருத்தாசலம் பெருமதிப்போடு கேட்டுக்கொண்டார். பாரிசில் ஏறிய அந்தப் பிரிவு ஜெனீவா, நியூயார்க், டெல்லி, சென்னை என்று எல்லா இடத்திலும் நின்று வந்திருக்கிறது. திண்டிவனம் வந்ததும், ராத்திரி நேரத்துத் திருச்சி பஸ் மாதிரி, ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விட்டது.

"அது நம்ம நகருக்குச் செல்லுமா மேடம்?" என்று கேட்டார்.

"இந்தியாவே ஒத்துக்கிட்டிருக்குங்க ஐயா."

"கவர்மெண்ட்டு ஒத்துக்கினாங்க சரி. நலச்சங்கம் ஒத்துக்கலியே."

கலைப்பிரியா சிரிக்கவில்லை. அந்த வாசகத்தை வாதத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற முகமாக இருந்தாள்.

வழக்கு எடுக்கப்பட்ட முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவன் பூவரசன், விருத்தாசலத்தின் இடத்துக்கு வந்தவன். அவரோடு ஒரே தூக்கில் சோறு தின்றவன். காகிதத்தைப் பார்த்தான், வராந்தாவில் தூணோரம் நின்ற அவரைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "விருத்தாசலண்ணே" என்றான்.

உள்ளேயிருந்து நீதிபதி, எதிரியை அண்ணன் என்றா கூப்பிடுவது என்று கேட்டார். தமிழ்த் தீர்ப்புகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றுதான் பெயர். உலகமே கூடி நிரபராதி என்று ஊகிக்கிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. பூவரசன் மிரண்டுபோய், இந்த முறை ஊருக்கே கேட்கும்படி, மொட்டையாகப் பெயரைக் கூப்பிட்டான். மீண்டும் கூப்பிட்டான்.

விருத்தாசலத்துக்குக் கால் எழவில்லை. அந்தப் பெயரை அத்தனை சத்தமாக அவர் அதுவரை கேட்டதே இல்லை. மூன்றாவது கூப்பாட்டுக்கு நகர்ந்தவர், நிலைப்படியில் இடறி, நீதிபதியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்து, இல்லாத துண்டைத் தோளில் தேடி, எச்சில் விழுங்கிக்கொண்டு கூண்டுக்குப் போனார். பழைய டீக்கடைத் தோழர்கள் இரண்டு பேர் வராந்தாவிலிருந்து பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அவர்தானே கற்றுக்கொடுத்தது. கோர்ட்டில் புதிதாகப் போட்ட தரை வழுக்குகிறது என்று விருத்தாசலம் தமக்குத் தாமே பதிவு செய்துகொண்டார்.

வழக்கு தன் போக்கில் நடந்தது. தம்மிடம் இருந்த சாவி எந்நேரமும் தம் வீட்டு ஆணியிலேயே தொங்கியது என்று சக்கரபாணி சாட்சி சொன்னார். அந்த ஆணி வீட்டுக்குள் வருபவர் போகிறவர் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில்தானே இருக்கிறது என்று கலைப்பிரியா கேட்டாள். எங்க வீட்டுக்குத் திருடனுங்க வர்றதில்லம்மா என்றார் அவர். விருத்தாசலம் வாரத்துக்கு இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போய்க் காபி குடித்தவர். எதிரிக் கூண்டில் நின்றபடி அந்தக் காபியின் ருசியை நினைவுபடுத்திப் பார்த்தார்.

வாய்தாக்கள் முடிந்து, ஒரு மழை நாளில் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. கலைப்பிரியா கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் நேரே பஸ் நிலையத்துக்குப் போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நகருக்குள் நுழைந்தார். புங்கமரத்தடியில் சக்கரபாணி தீர்ப்பை ஏற்கெனவே விளக்கிக்கொண்டிருந்தார்.

"நிரபராதின்னு ஒரு எடத்துலயாவது எழுதியிருக்குதா? சந்தேகம்னு எழுதியிருக்குது. சந்தேகம் இருக்குதுன்னு ஜட்ஜே சொல்லிட்டாரேய்யா, நம்ம சொன்னா மட்டும் தப்பா?"

விருத்தாசலம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. இன்னொருவருக்குப் பல்வலி. மூன்றாமவருக்கு இரத்த அழுத்த மாத்திரை போடுகிற நேரம் வந்துவிட்டது. சற்று நேரத்தில் நகர் முழுவதற்குமே மாத்திரை நேரம் வந்து, பெஞ்சில் அவரும் மைசூர்பாகும் மட்டும் இருந்தார்கள். எறும்புகள் ஊகம் எதுவும் செய்யாமல் வந்தன.

அதன் பிறகு அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. பால் பாக்கெட் கேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டது, கூப்பிடும் வழக்கம் நின்றுபோனது. தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் பந்து அவர் வீட்டுக்குள் விழுந்தால் அவர்கள் வேறு பந்து வாங்கிக்கொண்டார்கள். அவர் பந்துகளைப் பொறுக்கி மதில்மேல் வரிசையாக வைப்பார். காலையில் பார்த்தால் இருக்காது. எப்போது வந்து எடுத்தார்கள் என்று தெரியாது, ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தும் பார்த்தார். சித்ரா போனில், பேத்திக்குப் பரீட்சை என்றாள். இரண்டாம் வகுப்புக்கு இவ்வளவு பரீட்சைகள் வந்துவிட்டனவே என்று அவர் வியந்தார்.

ஒருநாள் மத்தியானம், வெறும் வாய் கசந்து, சமையலறை வாசலில் நின்று, நீதிமன்றக் குரலில், அஞ்சம்மாள், அஞ்சம்மாள், அஞ்சம்மாள் என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். ஆஜரில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, செய்த பாவம் சும்மா விடுமா என்று அன்று மாலைக்குள் நகருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது.

இப்படியே காலம் போய்க்கொண்டிருக்கையில், பொங்கலுக்குச் சில வாரங்கள் இருந்த ஒரு சாயங்காலம், இரும்பு கேட்டை யாரோ தட்டினார்கள். சக்கரபாணி.

"விருத்தாசலம், இருக்கீங்களா? உள்ள வரலாங்களா?"

இருக்கீங்களா. வரலாங்களா. இத்தனை வருடமும் வாய்யா போய்யாவாக இருந்த பேச்சில் இரண்டு 'ங்க' முளைத்திருந்தன. கொலு பொம்மையை இறக்குவதுபோல் விருத்தாசலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்.

சக்கரபாணி விஷயத்தைச் சொன்னார். கோயிலுக்குப் பின்னால் நகரின் தண்ணீர் மோட்டார் இருக்கும் பம்பு ரூம். அங்கேதான் கோயில் வாசல் பெருக்கும் கெங்கம்மாள் துடைப்பத்தையும் சாக்கையும் வைப்பாள். பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து போகிறவள். இன்று மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஆள் மூலையைக் கிளறியபோது, அந்தச் சாக்குக்கு அடியில் கவசத்தின் தும்பிக்கைத் துண்டு கிடைத்திருக்கிறது.

"கேட்டா தெரியாதுன்னு சொல்லிக்கினே கீறா. நம்மளுக்குள்ள ஒரு மிஸ்டேக் ஆயிப்போச்சு, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க வந்து ஒரு தரம் அவ மூஞ்சியப் பாருங்க. உங்க கண்ணுக்குத் தப்பாது. நீங்க சொன்னீங்கன்னா அப்படியே ஸ்டேசனுக்குப் போயிடலாம்." பாக்கெட்டிலிருந்து கோயில் சாவியை எடுத்து நாற்காலிக் கையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

விருத்தாசலம் வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் நடக்கும்போதே கணக்கு ஓடியது. ஒரே ஒரு சொல். 'அவதான்.' சொல்லிவிட்டால் தீர்ப்பிலிருந்த சந்தேகம் தீர்ந்தது. கோர்ட் மூன்று வருடம் நடத்தியும் கொடுக்க முடியாததை இந்த ஒரு சொல் கொடுத்துவிடும். ராத்திரியே சித்ராவுக்குப் போன் செய்து, எடுத்தவ மாட்டிக்கினாம்மா என்று சொல்லலாம். பொங்கலுக்கு வரச் சொல்லலாம். மாப்பிள்ளைக்கு மல்லாட்டை உருண்டை பிடிக்கும்.

புங்கமரத்தடியில் நகர் கூடியிருந்தது. அவரைப் பார்த்ததும் பெஞ்சின் நடு இடம் காலியானது. அன்று மைசூர்பாகைத் தொடாத சர்க்கரைக்காரர் நலம் விசாரித்தார். யாரோ வீட்டு டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார்கள். சூடாக இருந்தது. வேறொருவர் கை சமைத்ததை வாயில் வைத்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே ஒரு மிடறு குடித்தார்.

கெங்கம்மாள் ஈரத் தரையில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். தலையைத் தூக்கவில்லை. உதடு காய்ந்து, நாக்கால் நனைத்துக்கொண்டாள். கால் ஒரு நிலையில் நிற்கவில்லை. விருத்தாசலத்தின் சாஸ்திரப்படி ஒரு குறிகூடப் பாக்கியில்லை. அந்தப் பழைய சுகம் அவர் நெஞ்சுக்குள் எழும்பியது, சொல் நாக்கின் நுனிக்கு வந்தது.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாளயா கூட்டியாந்தீங்க? எடுத்ததே இவருதான, ஊரே சொல்லுது. எடுத்து என் சாக்குல சொருகிட்டு, இப்ப நாயம் சொல்ல வந்துட்டாரா? நல்லா பாருங்க சார் அவரு மூஞ்சிய. திருட்டுக் களை தெரியல?"

எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கச் சொன்னால் பார்ப்பது மனித சுபாவம். விருத்தாசலத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு நிஜமாகவே தெரிந்தது, அது அவள் கண்ணில் இருந்தது. அவ்வளவு உறுதியாக ஒரு களையை அவள் பார்த்தாள். அந்தக் கவசத்தைத் தாம் எடுக்கவில்லை என்பதை அந்தக் கூட்டத்திலேயே உறுதியாக அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

"அவ கெடக்கறா. நீங்க சொல்லுங்க விருத்தாசலம்" என்றார் சக்கரபாணி.

விருத்தாசலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்து சொல்ல முடியாதுங்க சார்."

"இன்னா பேசற? மூணு கூப்பாடு போதும்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்தியே?" 'ங்க' இரண்டும் வந்த வழியே போய்விட்டன. "அவ இல்லன்னா உன் மேலதான்யா திரும்பும். புரியுதா உனக்கு?"

"புரியுதுங்க சார்."

"அப்புறம்?"

"எனக்குத் தெரியலைங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் போகவே, புகாரில் யார் கையெழுத்துப் போடுவது என்ற பேச்சு வந்தது. தலைவர்தான் போட வேண்டும் என்றார்கள் சிலர். போன தடவை போட்டு மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலைந்தது போதும் என்றார் தலைவர். பம்பு ரூமுக்குப் பூட்டே கிடையாதே, யார் வேண்டுமானாலும் போகலாமே என்று சர்க்கரைக்காரர் இத்தனை நேரம் கழித்து ஞாபகப்படுத்தினார். பனி இறங்கத் தொடங்கியது. கூட்டம் ஓரங்களில் கரைந்தது.

கெங்கம்மாள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ரோட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். நன்றி சொல்லவில்லை. திருட்டுப் பட்டம் உள்ள ஒருவர் தனக்குச் சாதகமாகப் பேசிவிட்டாரே, இதனால் தன் பெயர் இன்னும் கெட்டுவிடுமோ என்ற கவலைதான் அவள் நடையில் இருந்தது. அதுவும் ஒரு ஊகம்தான். விருத்தாசலம் அந்த ஊகத்தையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தார்.

சாவியைப் பெஞ்சின் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். காபி பாதி மிச்சமிருந்தது. அதை யாருடைய டம்ளர் என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. டம்ளரையும் சாவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.